பதினாறாவது பெயர்

ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு திரும்பிய அணிக்குக் கல்லூரியில் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நீட்டவில்லை. அசீம் மட்டும் தாராளமாக அறிவுரை வழங்கினான்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டுத் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அவன் கேன்டீனுக்கு வந்தபோது, வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் சூர்யபிரகாஷும் ஆயிஷா சித்திகாவும் விசாரணையைத் தொடங்கியிருந்தார்கள். சூர்யபிரகாஷ் மூன்றாம் ஆண்டு இயற்பியல். வெளிநாட்டு ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, எந்த மைதானத்தையும் வானத்திலிருந்து பார்ப்பவனாகவே ஆகிவிட்டவன். டீ டம்ளர், சர்க்கரை டப்பா, வடைத் துண்டு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஆட்டக்காரர்களாக்கி பெஞ்சின் மேல் நகர்த்துவான். ஆயிஷா இரண்டாம் ஆண்டு கணிதம். எந்த நிமிஷத்தில் யாருடைய கால்களுக்கு நடுவே பந்து போனது என்பதை நோட்டில் குறித்துவைப்பவள். அந்த நோட்டைத் தூரத்தில் கண்டாலே அணித்தலைவன் நூலகம் வழியாகச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போவான். அசீம் இரண்டாம் ஆண்டு வணிகவியல். அவனிடம் டம்ளரும் இல்லை, நோட்டும் இல்லை. வாய் இருந்தது.

"ஒம்போது மாப்ள." சூர்யபிரகாஷ் வடையை நான்காகப் பிய்த்து வரிசையாக வைத்தான். "இதான் நம்ம டிஃபென்ஸ். நல்லா பாரு. இவன் இங்கிட்டு ஓடுறான். இவனும் இங்கிட்டே ஓடுறான். அங்கிட்டு ஆளே இல்ல. பந்து எங்கிட்டுப் போகும்?"

"ரேஷன் கடையவாச்சும் மத்தியானம் ஒரு மணி நேரம் பூட்டுவாங்கெ," என்றான் அசீம். "நம்ம கோல் போஸ்ட்டு விடுமுறையே இல்லாத சேவை."

"மொத்தம் முப்பத்தொண்ணு," என்று நோட்டைப் பிரித்தாள் ஆயிஷா. "நாலு, ஏழு, அஞ்சு, ஆறு, ஒம்போது. ஒரு மேட்ச்ல மட்டும் வாங்கல."

"அன்னைக்கி எதிர் டீமே வரலையேத்தா!" என்றான் சூர்யபிரகாஷ்.

"அதான் சொல்றேன். அவங்க பஸ்ஸு வழியில நின்னுபோச்சுன்னு போன் வந்ததுக்கப்புறந்தான் நம்ம கேப்டன் மொகத்துல ரத்தமே ஓடுச்சு."

"நம்ம போட்டது?"

"ரெண்டு. அதுல ஒண்ணு அவங்க ஆளே அவங்க வலைக்குள்ள போட்டது."

"அந்தப் புண்ணியவான நம்ம காலேஜுக்குக் கூப்டுக்குவோமா?" என்றான் அசீம். பக்கத்துப் பெஞ்சில் புரோட்டா தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் இந்தக் கல்லூரிக்கு வருகிறான் என்றுகூடச் சொல்லலாம். படிப்பில் அவன் பெயர் நடுவில் எங்கோ கிடந்தது. பாடத் தெரியாது. மேடையில் கை நடுங்கும். ஆனால் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று அவன் அடிக்கும் லந்தைக் கேட்கவே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் இருந்தார்கள். அணி எவ்வளவு மோசமாகத் தோற்றதோ அவ்வளவு நன்றாக அவனுக்குப் பேச்சு வந்தது. இப்படிப்பட்ட அணி எல்லாருக்கும் வாய்க்காது.

கேன்டீன் மலையாண்டி காலி டம்ளர்களை எடுக்க வந்தார். சூர்யபிரகாஷின் நடுவரிசை ஆட்டக்காரர்கள் இருவர் அவர் கையோடு போனார்கள்.

"வஞ்சது போதும்ப்பா. நோட்டீஸ் போர்டப் பாத்தீகளா இல்லையா?"

பார்க்கவில்லை. மூவரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். பி.டி. சார் கையெழுத்துப் போட்ட காகிதம் நான்கே வரியில் இருந்தது. அடுத்த ஆண்டுக் கால்பந்து அணிக்குக் குறைந்தது பதினாறு பேர் வருகிற புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அணி கலைக்கப்படும். மைதானம் கிரிக்கெட் பயிற்சி வலைகளுக்கு ஒதுக்கப்படும். கீழே பெயர்ப் பட்டியல். கடைசி எண் பதினைந்து.

அசீம் பட்டியலை மறுபடி மேலிருந்து எண்ணினான். அணி போய்விட்டால் அடுத்த ஒரு வருஷம் எதைத் திட்டுவது? கிரிக்கெட் அணி போன வருஷம் கோப்பை வாங்கிய அணி. அதனிடம் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

"ஒருத்தன்தானடா வேணும்," என்றான் சூர்யபிரகாஷ். "ஆயிரத்தி எரநூறு பேரு படிக்கிற காலேஜுல ஒருத்தன் கெடைக்க மாட்டானா?"

பெஞ்சுக்குத் திரும்பி ஒரு மணி நேரம் அந்த ஒருவனைத் தேடினார்கள். வரலாற்றுத் துறையில் உயரமாக ஒருவன் இருக்கிறான்; ஆனால் வெயில் ஆகாது. தமிழ்த் துறையில் வேகமாக ஓடுகிறவன் ஒருவன். அவன் கபடிக்குப் போய்விட்டான். விடுதியில் ஒரு தடியன். அவனைக் கேட்டால் அடிப்பான். கல்லூரியில் கால் உள்ளவர்கள் எல்லாரையும் எடைபோட்டுத் தள்ளினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் தன் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. சூர்யபிரகாஷ் அடுத்த வருஷம் இருக்கமாட்டான், ஆயிஷாவைச் சேர்க்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு ஆள் மிச்சம் இருந்தான்.

"ரோசம் இல்லடா எவனுக்கும்," என்று முடித்தான் சூர்யபிரகாஷ். "ரோசத்த உண்டாக்கணும். ஊரு சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் செஞ்சா தன்னால ஒருத்தன் வருவான்."

"போஸ்டர் அடிப்போம்," என்றான் அசீம்.

மதுரையில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? காது குத்துக்குப் போஸ்டர், கட்சி மாறினால் போஸ்டர், நாய் காணாமல் போனால் போஸ்டர், கிடைத்துவிட்டால் நன்றி தெரிவித்து இன்னொன்று.

"என்ன போஸ்டர்?"

"கண்ணீர் அஞ்சலி. டீமுக்கு."

ஆயிஷா நோட்டை மூடினாள். "மவுத்து போஸ்டர்லயெல்லாம் வெளையாடாத அசீம். நல்லதில்ல."

"டீமுக்குத்தான, ஆளுக்கா அடிக்கிறோம்?"

அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள். ஆனால் எண்ணிக்கையைக் கேட்டபோது வரிசையாகக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அசீமும் சூர்யபிரகாஷும் ஆரப்பாளையம் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் கீழே பாண்டியராஜனின் அச்சுக்கடை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அதே அணியைத் திட்டியவன் பாண்டியராஜன். அன்றைக்கு அணி இதைவிட நன்றாகத் தோற்றது என்பது அவன் கட்சி.

"எங்க காலத்துல நாலுக்கு மேல வாங்க மாட்டாங்கெடா. ஒரு கண்ணியம் இருக்கும்." கணினியில் அஞ்சலி டிசைன் ஒன்றைத் திறந்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே மேகம், நடுவில் முட்டை வடிவக் கட்டம். "படத்தக் கொடு."

"படம் வேணாம்ணே. எழுத்து மட்டும் போதும்."

"படமில்லாத அஞ்சலி போஸ்டர மாடுகூடத் திங்காது. கொடுறா."

அசீம் கைப்பேசியில் அணியின் குழுப் படத்தைக் காட்டினான். பெரிதாக்கியதும் பதினோரு பேரும் சேர்ந்து ஒரு சேற்றுக் குட்டையாக ஆனார்கள். பாண்டியராஜன் உதட்டைப் பிதுக்கினான். அடுத்த படம் கோல்கீப்பர் முத்துக்குமரனுடையது. ஆயிஷாவின் அண்ணன் நல்ல கேமராவில் எடுத்தது. மஞ்சள் ஜெர்சி, நெற்றியில் வியர்வை, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இலேசாகத் திரும்பிய முகம். ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

"இது படம்," என்றான் பாண்டியராஜன்.

"முப்பத்தொண்ணையும் வாங்குனவன் அவன்தான," என்றான் அசீம். "போடுங்க."

தோற்றம் ஜூலை, மறைவு பிப்ரவரி என்று தேதிகள் விழுந்தன. 'எங்கள் கால்பந்து அணி ஐந்தே ஆட்டங்களில் முப்பத்தொரு கோல்களைத் தாங்கமாட்டாமல் இயற்கை எய்தியது. பெயர் கொடுக்க ஆளில்லாத அனாதைக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்' என்ற வாசகத்தை அசீம் ரசித்து ரசித்துச் சொன்னான். பாண்டியராஜன் தொழில் தெரிந்தவன். முகம் முக்கால் இடம், 'கண்ணீர் அஞ்சலி' அதற்குமேல் சிவப்பில், மீதி எழுத்தெல்லாம் அடியில் பொடியாக.

"கீழ யாரு பேரு?"

"பேரு வேணாம் மாப்ள," என்றான் சூர்யபிரகாஷ் அவசரமாக. "எனக்கு டி.சி. வாங்கணும்."

"பேரில்லாமப் போஸ்டரா? யாரு அடிச்சதுன்னு ஊரு கேக்குமே, என்ன சொல்லுவ?"

அசீமுக்கு அது நியாயமாகவே பட்டது. இவ்வளவு நல்ல வாசகத்தை எழுதிவிட்டு அனாதையாக விடுவதா? 'ஆறாத் துயரில்: அசீம், பி.காம்., இரண்டாம் ஆண்டு' என்று போடச் சொன்னான். மூலையில் கறுப்புக் கண்ணாடி போட்ட தன் படத்தையும் கொடுத்தான்.

ஐம்பது அடித்தார்கள். கல்லூரிச் சுவரிலும் பசுமலை பஸ் நிறுத்தத்திலும் இருபது போதும் என்று பேச்சு. மீதி முப்பதை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. ஒட்டுகிற ஆளிடம் எங்கே ஒட்டுவது என்று பாண்டியராஜன் சொல்லவும் இல்லை. அந்த ஆள் அஞ்சலி போஸ்டரைக் கையில் வாங்கினால் வழக்கமாகப் போகிற வழியில் போவான்: சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி. திங்கட்கிழமை விடியும்போது, மேலூர் பஸ்கள் வெளியே வரும் வாசலுக்கு எதிரே முத்துக்குமரன் வரிசையாக ஆறு முறை இறந்திருந்தான்.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்குகிறவர் மொக்கையன். முத்துக்குமரனின் தாய்மாமன். டீ குடிக்க வெளியே வந்தவர் சுவரைப் பார்த்தார். அடியில் இருந்த பொடி எழுத்தைப் படிக்க அவர் நிற்கவில்லை. யார்தான் நிற்பார்கள்? ஊருக்குப் போன் போட்டார். ஊரிலிருந்து முத்துக்குமரனின் கைப்பேசிக்குப் பதினெட்டு முறை கூப்பிட்டார்கள். அது விடுதி அறையில் சார்ஜில் கிடந்தது. அவன் மாதத் தேர்வில் உட்கார்ந்து, தெரியாத கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்கு ஒரு மினி லாரி கல்லூரி வாசலில் வந்து நின்றது. அசீம் அப்போது சுவரோரம் நின்று, போஸ்டரைப் படித்துச் சிரிக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். லாரியிலிருந்து பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் வந்தவளின் குரல் சுவரில் மோதித் திரும்பியது. பின்னால் மொக்கையன், கைகளில் இடுப்பளவு ரோஜா மாலை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடியே நின்றார்கள்.

யாரோ ஓடிப்போய்த் தேர்வு அறையில் சொல்லியிருக்க வேண்டும். முத்துக்குமரன் பேனாவைக் கையில் வைத்தபடியே ஓடிவந்தான்.

"எம்மா! என்னம்மா இது?"

அம்மா ராக்கம்மாள் அவனைப் பார்த்தாள். முதலில் ஒரு அறை விட்டாள். அப்புறம் அவன் தோளை, கையை, விரல்களைத் தடவிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு உண்மையான அழுகை வந்தது. அதுவரை அழுததெல்லாம் வேறு.

மொக்கையன் மாலையோடு திண்டாடினார். இழவுக்கென்று வாங்கிய மாலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உயிரோடு நிற்கிறவன் கழுத்தில் போடவும் முடியாது. யாரிடமும் கேட்காமல் மைதானத்துக்கு நடந்தார். கோல் போஸ்டின் குறுக்குக் கட்டையில் அதை மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாலை முழுக்கக் கச்சிதமாகத் தொங்கியது. அணியைப் பற்றி அசீம் சொன்ன எதையும்விட அது நன்றாக இருந்தது. ஆனால் அவனால் அதை ரசிக்க முடியவில்லை.

ஏனென்றால் ராக்கம்மாள் சுவரிலிருந்து ஒரு போஸ்டரைக் கிழித்து எடுத்து, மூலையிலிருந்த கறுப்புக் கண்ணாடியையும் எதிரே நின்றவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானா?"

"டீமுக்குத்தாம்மா அடிச்சோம்… அடியில எழுதியிருக்கு…"

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். வையவில்லை. வைதிருந்தால் அசீமுக்குப் பழகிய இடம். ஏதாவது பதில் வந்திருக்கும். பி.டி. சார் வந்தார், முதல்வர் வந்தார், மன்னிப்புக் கடிதம் எழுது என்றார்கள், எழுதினான். முத்துக்குமரன் பி.டி. சாரிடம் போய்ப் பட்டியலில் தன் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு, அம்மாவோடு அதே லாரியில் ஏறி ஊருக்குப் போனான். அசீமின் பக்கம் திரும்பவே இல்லை.

பட்டியலில் பதினான்கு.

"ரோசம் வரும்னியே சூர்யா," என்றாள் ஆயிஷா சூர்யபிரகாஷிடம். "வந்துருச்சு. இருந்தவனும் போயிட்டான்."

"கீப்பர் இல்லாம பதினாறு பேரு சேத்தும் பிரயோசனமில்ல," என்று சூர்யபிரகாஷ் சர்க்கரை டப்பாவை பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளினான். "டெக்னிக்கலாப் பாத்தா…"

"டெக்னிக்கலா நீ வாய மூடு," என்றான் அசீம். அவன் நண்பனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "நாளைக்கு அவன் ஊருக்குப் போறேன். வாரவங்க வாங்க."

சூர்யபிரகாஷுக்கு ஆய்வுக்கூடம் இருந்தது. ஆயிஷா வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினார்கள். வாசலுக்கு எதிரே சுவரில் ஐந்து போஸ்டர்களை யாரோ கிழித்திருந்தார்கள். ஆறாவதன் அடிப்பகுதியை மாடு தின்றிருந்தது. எழுத்தெல்லாம் போய் முத்துக்குமரனின் முகம் மட்டும் மிச்சம். ஆயிஷா அதைப் பார்த்துவிட்டு அசீமைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேலூருக்கு நாலு நிறுத்தம் முந்தி இறங்கி, வயல்களுக்கு நடுவே போகிற கிளைச் சாலையில் நடந்தார்கள். பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலால் நெல்லுக்குள் கோடு கோடாக இழுத்தபடி நடந்துகொண்டிருந்தான் முத்துக்குமரன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்பினால் பழைய கோடு கலைந்து புதுக்கோடு விழும். வந்தவர்களைப் பார்த்தும் நடையை நிறுத்தவில்லை. ஆகவே அவர்களும் சாலையின் ஓரமாக அவனோடு போகவும் வரவும் வேண்டியிருந்தது.

"தப்புத்தான் முத்து," என்றான் அசீம்.

"சரி."

"நாளைக்கி நாலு மணி வரைக்கும்தான்…"

"தெரியும். நோட்டீஸ் ஒட்டுனப்ப பக்கத்துல நின்னவன் நான்."

"நீயில்லாட்டி டீமே கெடையாது. உனக்கும் மனசு கேக்காதுல?"

முத்துக்குமரன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "டீமா? எந்த டீமு? எதிராளி கார்னர் அடிக்கிறப்ப கேப்டன் ஷூ லேஸ் கட்டுவான். பந்து தன் மேல பட்டுறக் கூடாதுன்னுதான். லெஃப்ட் பேக்குக்கு இடது காலே பழக்கமில்ல. சென்டர்ல ஒருத்தன் நிக்கிறானே, அவன் பந்து வந்தா எனக்குத் திருப்பி அடிப்பான். எதிராளியவிட அவன்தான் எனக்கு நெறையா ஷாட் அடிச்சிருக்கான். சூர்யா டம்ளர வச்சு என்னமோ பேசுவானே, அம்புட்டும் தப்பு. நாங்க பிளான் போட்டுத் தோக்கல. பயந்து தோத்தோம்."

இரண்டு வருஷமாக அசீம் பேசிய பேச்செல்லாம் இந்த நாலு வரிக்கு முன்னால் குழந்தை விளையாட்டாகத் தெரிந்தது. இவன் கோல் போஸ்டுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்புறம் முப்பத்தொண்ணு இல்ல," என்றான் முத்துக்குமரன் ஆயிஷாவிடம். "முப்பத்தி மூணு. ரெண்ட ரெஃப்ரி பாக்கல. உள்ள போயி வெளிய வந்துருச்சு. நான் எடுத்துக் கொடுத்துட்டேன்."

ஆயிஷா நோட்டை எடுக்கப் போனாள். பிறகு வேண்டாம் என்று பைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

வேலியோரம் வேப்பங்குச்சியை மென்றபடி மொக்கையன் உட்கார்ந்திருந்தார். "இந்தப் பயலா?" என்றார். "இவென் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஆறாத் துயரமாம்ல." ராக்கம்மாள் சாக்கை உதறிக்கொண்டு வயலிலிருந்து ஏறி வந்தாள். அந்த முக்கால் ஏக்கர் அவள் பேருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவள்.

"எதுக்குப்பா எம்மகன் படத்த அம்புட்டுப் பெருசாப் போட்ட?"

அசீமுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "அந்தப் படந்தாம்மா தெளிவா இருந்துச்சு."

அவள் சாக்கை மடித்தாள். "அதுல ஒண்ணு எனக்கு வேணும். எழுத்து, வெளக்கு ஒண்ணும் இல்லாம. இவன் ஒரு நல்ல படம் எடுத்ததில்ல."

"கொண்டாறேம்மா," என்றாள் ஆயிஷா. "எங்கண்ணன் எடுத்ததுதான்."

"இவன் வெளையாடுறதும் வெளையாடாததும் இவன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல." ராக்கம்மாள் சாக்கை விரித்துக் குனிந்தாள். அவளுக்கு வேலை இருந்தது.

முத்துக்குமரன் ஒரு நடை போய் ஒரு நடை வந்தான். "வாரேன்," என்றான் கடைசியில். "ஒரு கண்டிசன்."

"என்னன்னாலும் சொல்லு."

"நான் வந்தாப் பதினஞ்சு. பதினாறாவது ஆளு நீ."

அசீம் முதலில் சிரித்தான். முத்துக்குமரன் சிரிக்கவில்லை. மொக்கையன் குச்சி மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"எனக்கு வெளையாடத் தெரியாதுடா!"

"எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்? நீதான எழுதி ஒட்டுன?"

ஆயிஷா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தோள்கள் குலுங்கின.

பஸ்ஸில் திரும்பும்போது அசீம் ஒத்தக்கடை வரை மனதுக்குள் வாதாடிக்கொண்டு வந்தான். விமர்சிக்கிறவன் வேறு, ஆடுகிறவன் வேறு. ஓட்டலில் சாப்பிட்டுக் குறை சொல்கிறவனைச் சமையல்கட்டுக்குள் தள்ளுவார்களா? இதை ஆயிஷாவிடம் சொல்லியும் பார்த்தான்.

"ஓட்டல மூடப் போறாங்கன்னா?" என்றாள் அவள். "பசிக்குதுன்னு வெளிய நின்னு கத்துவியா?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

"ஆமா, சிரிப்பாங்க." அவள் ஆறுதல் சொல்கிற பெண் இல்லை. "நான் மொத ஆளாச் சிரிப்பேன். ஆனா நீ பேரு கொடுக்கலைன்னா சிரிக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது. கிரிக்கெட் வலையப் பாத்துச் சிரி."

புதன்கிழமை மூன்றரை மணிக்கு அசீம் வேப்பமரத்தடியில் இருந்தான். மூன்றே முக்காலுக்கும் அங்கேதான் இருந்தான். சூர்யபிரகாஷ், கெடுவைப் புதன்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு நீட்டும்படி முதல்வருக்கு மனு கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் விளக்கிக்கொண்டிருந்தான். மலையாண்டி டம்ளரைக் கழுவியபடி, "மைதானத்துல பயக வல நடக் குழி தோண்ட வந்துட்டாங்கெ," என்றார் யாரிடமோ சொல்வதுபோல. அசீம் எட்டிப் பார்த்தான். கடப்பாரையோடு இரண்டு பேர், நாலு மணி ஆகட்டும் என்று, வாடிய மாலை தொங்கும் கோல் போஸ்டின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

எழுந்தான்.

"எங்கடா?" என்றான் சூர்யபிரகாஷ்.

"ஒரு சோலி."

உடற்கல்வித் துறை வராந்தாவில் முத்துக்குமரன் நின்றிருந்தான். மேலூரிலிருந்து நேராக வந்தவன்; கணுக்காலில் நெல்தூசி. பதினைந்தாவது வரியில் அவன் பெயர் ஏற்கெனவே இருந்தது. பி.டி. சார் கண்ணாடிக்கு மேலாக அசீமைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு காலிலிருந்து தலைவரை.

"நீயா?"

"ஆமா சார்."

"அழிச்சிட்டு ஓடிர மாட்டியே?"

"மாட்டேன் சார்."

அவன் பதினாறு என்று போட்டுப் பெயரை எழுதினான். பி.டி. சார் பேனாவை வாங்கிப் பெயருக்கு எதிரே இருந்த காலிக் கட்டத்தில் வைத்தார்.

"எந்த எடம்?"

"எங்கயாச்சும் ஓரமா…"

"கோல் கீப்பர் சார்," என்றான் முத்துக்குமரன்.

அசீம் திரும்பிப் பார்த்தான். "அப்ப நீ?"

"நான் முன்னாடி போறேன். ரெண்டு வருசமாப் பின்னாடி நின்னு முன்னாடி ஓடுறவங்க முதுகப் பாத்துட்டேன். எனக்கும் கொஞ்சம் ஓடிப் பாக்கணும்."

பி.டி. சார் யோசித்தார். இரண்டு பேரையும் பார்த்தார். இந்த வருஷம் போட்ட இரண்டு கோல்களை நினைத்திருக்கலாம். அப்படியே எழுதினார். வெளியே வராந்தாவின் முனையில் செய்தி அதற்குள் எட்டியிருந்தது. சூர்யபிரகாஷ் ஓடிவந்து மூச்சு வாங்க நின்றான், பின்னால் ஆயிஷா, அவளுக்குப் பின்னால் புரோட்டா தின்னும் அந்த இரண்டு பேர்.

"டேய், இவன் கீப்பரா?" என்று சூர்யபிரகாஷ் வீறிட்டான். "வெளங்கிரும்! இதுக்குக் குழி தோண்டுறதே மேல்!"

சிரிப்பு கிளம்பியது. முதலில் சிரித்தது ஆயிஷாதான். சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அசீமின் காது மடல் சூடாகியது. இதைவிட நல்ல வசனம் ஒன்று அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. இரண்டு வருஷத்தில் அவன் சொன்ன எல்லாவற்றிலும் நல்லதாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அதை யார்மேல் விடுவது என்று பார்த்தால், அங்கே அவனைத் தவிர ஆளில்லை.

"சார்," என்றான். "பந்து எம்புட்டு கனம் இருக்கும்?"

பி.டி. சார் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவனை நோக்கி வீசினார். அசீமின் கைகள் மேலே வருவதற்குள் அது நெஞ்சில் மோதிக் கீழே விழுந்து, சிரிக்கிறவர்களின் கால்களுக்கு நடுவே வராந்தா முழுக்க உருண்டு, படிகளில் குதித்துக் குதித்து மைதானத்தின் பக்கம் இறங்கியது. யாரும் அதைத் தடுக்கவில்லை.

"போயி எடுத்துட்டு வா," என்றார் சார்.